ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் டியூனிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்32 தலைமுறை. 1989 ஆகஸ்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்து 1994 வரை தயாரானது. வரிசையாக ஆறு சிலிண்டர்கள், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் இரண்டு டர்போக்கள், நான்கு சக்கர இயக்கம். இன்ஜினின் பெயர் ஆர்பி26டிஇடிடி, வழக்கில் ஆர்பி26.

அதன் கொள்ளளவு 2,568 சிசி. இது ஏன் இப்படி ஒரு விநோதமான எண் என்று பலர் கேட்பதுண்டு. அந்தக் காலத்தின் குரூப் ஏ பந்தய விதிப்படி, டர்போ வண்டியின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கித்தான் வகுப்பைத் தீர்மானிப்பார்கள். 2,568-ஐ 1.7 ஆல் பெருக்கினால் சுமார் 4,366 வருகிறது. 4,500 சிசி வகுப்புக்குள் அடங்கிவிடுகிறது. ஆக, பந்தயக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் இந்த இன்ஜினுக்கு அளவெடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு பலித்தது. 1990 முதல் 1993 வரை அகில ஜப்பான் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் நடந்த 29 பந்தயங்களிலும் ஆர்32தான் வென்றது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தை 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றது. 'காட்ஸில்லா' என்ற பட்டப்பெயரும் ஆஸ்திரேலியர்கள் வைத்ததுதான்.

புத்தகத்தில் 280 குதிரைத்திறன் என்றுதானே இருக்கிறது?

ஆமாம். ஆனால் அது இன்ஜினின் எல்லை அல்ல. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் 280-க்கு மேல் அறிவிப்பதில்லை என்று தங்களுக்குள் ஓர் எழுதாத உடன்பாடு வைத்திருந்தார்கள். 2004 வரை அது நீடித்தது. வேகமும் 180 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். வார்ப்பிரும்பு பிளாக், ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றுவழியைத் திறந்து மூடும் தனித்தனி த்ராட்டில், 8.5-க்கு 1 என்ற குறைந்த கம்ப்ரஷன் விகிதம் எல்லாம் சேர்ந்து, இதைவிட எத்தனையோ மடங்கு உழைப்பைத் தாங்கும் அடித்தளத்தைக் கொடுத்திருக்கின்றன.

ஆனால் எல்லாப் பாகங்களும் அப்படி இல்லை. சில பாகங்கள் 280 குதிரைத்திறனுக்கு மட்டுமே போதுமானவை. எது வலுவானது, எது பலவீனமானது என்று தெரிந்துகொண்டு கைவைப்பதுதான் டியூனிங்கில் பாதி வேலை.

வண்டி வாங்கியாயிற்று. முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்ற வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள்.

மிகப் புதிய ஆர்32-க்கே முப்பது வயது ஆகிவிட்டது. இதற்குள் நான்கைந்து பேர் கைமாறியிருக்கும். அவர்களில் யாராவது ஒருவர் பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டி, விரட்டி ஓட்டி, பழைய பாகங்களை மறுபடி மாட்டி விற்றிருக்கலாம். வெளியில் பெயின்ட் கண்ணாடி போல் மின்னுவதை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது.

இன்ஜினைச் சூடாக்கி, ஆறு பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுவதும் திறந்து கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பாருங்கள். புதிய இன்ஜினில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12 கிலோ காட்டும். எண் சற்றுக் குறைந்திருந்தாலும் கவலை இல்லை. ஆறு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால், அந்த இன்ஜினில் பூஸ்டைக் கூட்டும் எண்ணத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆறாவது சிலிண்டரை இரண்டு முறை பாருங்கள். தொல்லை வந்தால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வரும்.

பிறகு டைமிங் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது தொழிற்சாலைக் கணக்கு. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும்.

பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்களில் விரிசல் இருக்கிறதா, காற்றை அளக்கும் இரண்டு ஏர்ஃப்ளோ மீட்டர்களின் உள்ளே ஈயப்பற்று விட்டுப்போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதிக பூஸ்டில் இன்ஜின் திக்கித் திணறுவதற்குப் பல வண்டிகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

மஞ்சள் குறி போட்ட ஹோஸை எடுத்தால் பூஸ்ட் கூடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சாலினாய்டுக்குப் போகும் சிறிய ரப்பர் ஹோஸின் உள்ளே, நடுவில் ஊசித்துளை போட்ட ஓர் உலோகத் துண்டு இருக்கும். ஹோஸின் மேல் மஞ்சள் குறி இருக்கும். அதை எடுத்துவிட்டால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.8 கிலோவில் நின்ற பூஸ்ட் ஒரு கிலோ அளவுக்கு ஏறும். ஐந்து நிமிட வேலை, காசும் செலவில்லை. அதனாலேயே பல இன்ஜின்களுக்கு வினையாக முடிந்திருக்கிறது.

வண்டி வாங்கும்போதே இந்த ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டியாக ஒன்று தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால், முந்தைய உரிமையாளர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு கிலோ பூஸ்டில் என்ன ஆபத்து?

தொழிற்சாலையிலிருந்து வரும் டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் உலோகம் அல்ல, செராமிக். சிலிக்கான் நைட்ரைடு என்ற பொருள். உலோகச் சக்கரத்தின் பாதி எடைகூட இல்லாததால் சட்டென்று சுழல ஆரம்பிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் வண்டி துள்ளுவதற்கு அது ஒரு காரணம். ஆனால் செராமிக்கின் குணம் பீங்கானின் குணம். வளையாது, நசுங்காது, உடையும். சூடும் சுழற்சியும் எல்லை மீறும்போது, சக்கரம் தண்டிலிருந்து விட்டுப்போகும் அல்லது நொறுங்கிவிடும்.

உடைந்த டர்போ ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் புரியும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்டின் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தட்டினால் சாம்பல் நிறச் சில்லுகள் கொட்டும். பெரும்பகுதி இப்படி வெளியே போய்விடும் என்றாலும், சில இன்ஜின்களில் துகள்கள் பின்னோக்கிச் சிலிண்டருக்குள் போய்ச் சுவரைக் கீறியிருக்கின்றன. அப்படி ஆனால் டர்போவோடு செலவு நிற்காது. இன்ஜினையே பிரிக்க வேண்டியதுதான்.

எனவே செராமிக் டர்போ இருக்கும்வரை 0.9 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. 1990-இல் பந்தய அனுமதிக்காக வந்த 560 நிஸ்மோ (நிஸானின் பந்தயப் பிரிவு) வண்டிகளில் நிஸானே உலோகச் சக்கரம் வைத்த டர்போவைப் பொருத்தியது. செராமிக்கின் எல்லை என்ன என்று தயாரித்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

ஆயில், ஆயில் என்று எல்லோரும் ஏன் பயமுறுத்துகிறார்கள்?

பயமுறுத்தவில்லை. ஆர்பி26 சாவதென்றால் பெரும்பாலும் ஆயிலால்தான் சாகிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. முதலாவது ஆயில் பம்பு. அதைச் சுழற்றுவது கிராங்க் தண்டின் முன்முனை. அந்த முனையின் இரண்டு பக்கமும் தட்டையாகச் செதுக்கி, பம்பின் உள்பல்சக்கரத்துக்குள் நுழைத்திருக்கிறார்கள். ஆரம்பகால ஆர்32-களில் அந்தத் தட்டைப் பகுதி மிகவும் குறுகலானது. பல்சக்கரத்தின் ஓர் ஓரத்தை மட்டும்தான் அது பிடித்துக்கொண்டிருக்கும். சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் ஆகாது. ஆர்பிஎம்மை உச்சத்துக்கு ஏற்றி, சுழற்சியை அதற்கு மேல் போகாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரில் இடிக்க விடும்போது, ஒவ்வொரு இடியும் சுத்தியலால் அடிப்பதுபோல் அந்த ஓரத்தில் இறங்கும். ஒருநாள் பல்சக்கரம் இரண்டாகப் பிளக்கும். ஆயில் அழுத்தம் ஒரே நொடியில் சுழியத்துக்கு வரும். முள் விழுவதைப் பார்த்து, கை சாவிக்குப் போவதற்குள் பேரிங்குகள் கருகியிருக்கும்.

அப்படி உடைந்த ஒரு பம்பை நான் பிரித்திருக்கிறேன். பிளந்த பல்சக்கரத்தின் உள்விளிம்பில், கிராங்க் தொட்ட இடம் மட்டும் விரல்நகம் அகலத்துக்கு மின்னியது. மற்ற இடமெல்லாம் புதிதுபோல் மங்கலாக இருந்தது. இவ்வளவு பெரிய இன்ஜினின் உயிரை அந்த நகம் அகல உலோகம் சுமந்துகொண்டிருந்தது என்பதை நினைத்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னாளில் நிஸானே இந்தத் தட்டைப் பகுதியை அகலமாக்கியது; அடுத்த தலைமுறையான ஆர்33 இன்ஜின்களில் அப்படித்தான் இருக்கும். பழைய கிராங்கை வைத்திருப்பவர்கள், அதன் முனையைக் கடைந்து அகலமான காலர் ஒன்றை இறுக்கிப் பொருத்தலாம். கூடவே வலுவான பம்பும், அதிர்வை அடக்கும் நல்ல டாம்பர் புல்லியும் வேண்டும்.

இரண்டாவது, ஆயில் மேலே போவது எளிது, கீழே வருவது கடினம். பம்பு சிலிண்டர் ஹெட்டுக்குத் தேவைக்கு மேல் ஆயிலை அனுப்பும். அது இறங்கி வரும் துளைகள் போதாது. போதாக்குறைக்குப் பிஸ்டனைத் தாண்டி கசிந்த வாயு, அதே துளைகள் வழியாக மேலே ஏற முயலும். நீளமான வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஹெட்டில் தேங்கி நிற்க, கீழே ஆயில் தொட்டியான சம்ப்பில் பம்பு காற்றை உறிஞ்சும். பந்தயத் தளத்துக்குப் போகும் வண்டிக்கு இது நிச்சயமான ஆபத்து.

பரிகாரம் தெரிந்ததுதான். பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஆயில் போகும் இரண்டு வழிகளில் ஒன்றை அடைத்து, மற்றதில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டரை வைப்பது. ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து சம்ப்புக்கு வெளிவழியாக ஒரு குழாய் விடுவது. சம்ப்பை அகலப்படுத்தி, உள்ளே ஆயில் அலைமோதாமல் தடுப்புத் தகடுகள் வைப்பது. கசிவு வாயுவோடு வரும் ஆயிலைப் பிடித்துவைக்க ஒரு கேட்ச் கேன். ஆயில் கூலரும் அவசியம்.

இந்த வண்டியில் முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் முன் டிஃப்பரென்ஷியல் சம்ப்போடு இணைந்திருக்கிறது. சம்ப்பைக் கழற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பலர் இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். கிளட்ச்சுக்காகவோ டர்போவுக்காகவோ இன்ஜின் ஒருமுறை கீழே இறங்கினால், ஆயில் வேலைகளை முடிக்காமல் அதை மறுபடி ஏற்றாதீர்கள். தெரிந்தவர்களின் வண்டி என்றால் நான் கெஞ்சியே கேட்டுக்கொள்வேன்.

இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியுவை எப்போது மாற்றுவது?

டர்போவையோ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையோ மாற்றும் அன்றே. தொழிற்சாலைக் கம்ப்யூட்டருக்குத் தான் பிறந்தபோது இருந்த பாகங்கள் மட்டும்தான் தெரியும்.

முன்பு மைன்ஸ் போன்ற ஜப்பானிய டியூனர்கள் ஈசியுவில் உள்ள ரோம் சிப்பை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அபெக்ஸியின் பவர் எஃப்சி, ஹெச்கேஎஸ்ஸின் எஃப்-கான் வி புரோ போன்றவை வந்தன. இப்போது கட்டுபவர்கள் ஹால்டெக், லிங்க் போன்ற முழுமையான ஈசியுக்களை வைக்கிறார்கள். நீங்கள் புதிதாகக் கட்டுவதாக இருந்தால் இன்றைய ஈசியுவையே வாங்குங்கள். ஆயில் அழுத்தம் குறைந்தாலோ, பெட்ரோல் அழுத்தம் இறங்கினாலோ தானே இன்ஜினை அடக்கிவிடும் பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஆர்பி26-க்கு அந்த ஒரு வசதிக்காகவே பணம் கொடுக்கலாம்.

சுமார் 400 குதிரைத்திறனைத் தாண்டும்போது பழைய ஏர்ஃப்ளோ மீட்டர்கள் உச்ச அளவைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வரும் காற்றை அவற்றால் அளக்க முடியாது. நிஸானின் இன்னொரு காரான ஃபேர்லேடி இஸட்32-இன் பெரிய மீட்டர்களை வைக்கலாம். அல்லது மீட்டர்களையே எடுத்துவிட்டு, காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கு மாறலாம்.

நாக்கிங் என்றால் என்ன? அது வருகிறதா என்று எப்படித் தெரியும்?

பிளக்கிலிருந்து கிளம்பிய தீ சிலிண்டர் முழுவதும் பரவி முடிப்பதற்குள், மூலையில் இருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானே வெடித்துவிடுவதுதான் நாக்கிங். சீராகத் தள்ள வேண்டிய அழுத்தம் சம்மட்டி அடியாக இறங்கும். பிஸ்டனின் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

டர்போ இன்ஜினில் முழு பூஸ்டில் காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதத்தை 11-க்கும் 11.5-க்கும் அருகே வைப்பது வழக்கம். பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இங்கே வேண்டுமென்றே கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கிறோம். அது சிலிண்டரைக் குளிர்விக்கும். பொறி விழும் நேரத்தையும் பூஸ்ட் ஏற ஏறப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

நல்ல டியூனர் திரையை மட்டும் நம்புவதில்லை. ஒரு செம்புக் குழாயின் முனையைத் தட்டையாக்கித் துளையிட்டு, பிளாக்கில் போல்ட் போட்டு முடுக்குவார். அதன் மறுமுனையில் ரப்பர் ஹோஸைச் செருகி, காதை மூடும் உறையில் சேர்ப்பார். மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் போலத்தான். சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் வண்டி அலறிக்கொண்டிருக்கும்போது, அந்தக் குழாய் வழியே இன்ஜினின் உள்ளோசை மட்டும் மந்தமாக, சீராகக் கேட்கும். நாக்கிங் வந்தால் அதன் நடுவே சிறு கூழாங்கல்லைத் தகரத்தில் எறிந்ததுபோல் 'டிக்' என்று ஓர் ஒலி. கேட்ட அதே கணத்தில் கால் எடுக்கப்பட வேண்டும்.

ஜப்பானில் 'ஹைஆக்' என்று விற்கும் உயர்தரப் பெட்ரோலின் ஆக்டேன் 100 அளவில் இருக்கும். அங்கே டியூன் செய்த வண்டியை ஏற்றுமதியில் வாங்கி, 95 ஆக்டேன் ஊற்றி அதே பூஸ்டில் ஓட்டுவது இன்ஜினைக் கொல்லும் வேலை. எந்த ஊரில் ஓட்டுகிறீர்களோ, அந்த ஊர்ப் பெட்ரோலில் மறுபடி டியூன் செய்துகொள்ளுங்கள்.

இன்ஜெக்டர், பெட்ரோல் பம்பு?

தொழிற்சாலை இன்ஜெக்டர்கள் நிமிடத்துக்குச் சுமார் 440 சிசி. டர்போ மாற்றினால் இவை போதாது. பம்பை அதற்கு முன்பே மாற்றுங்கள்; முப்பது வருடப் பம்பு பாதியில் கைவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, நேராக நாக்கிங்கில் போய் நிற்கும். பிளக்கின் இடைவெளியை 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.8 அளவுக்குக் குறைத்தால், அதிக பூஸ்டிலும் பொறி அணையாது.

இரட்டை டர்போவை வைத்துக்கொள்வதா, ஒற்றைக்கு மாறுவதா?

தெருவில் ஓட்டுபவர் என்றால் இரட்டையே போதும். ஹெச்கேஎஸ் ஜிடி-எஸ்எஸ், காரெட்டின் ஜிடி2860ஆர் போன்ற உலோகச் சக்கர டர்போக்கள் பழைய இடத்திலேயே உட்காரும். முதலில் குறிப்பிட்டவை சீக்கிரமே பூஸ்ட் கொடுத்து 400-க்கும் மேலான குதிரைத்திறனில் இதமாக இருக்கும். பெரியவை மேலும் போகும், ஆனால் கொஞ்சம் தாமதமாக விழிக்கும்.

ஒற்றைப் பெரிய டர்போவில் குழாய்கள் குறைவு, கைவைக்க இடம் தாராளம், உச்ச சக்தியும் அதிகம். நேர்கோட்டில் சீறும் டிராக் (drag) ரேஸுக்குப் பொருத்தம். ஆனால் 3,000 ஆர்பிஎம்மில் கால் வைத்தவுடன் ஆர்32 கொடுக்கும் அந்தத் தள்ளலை இழக்க எனக்கு மனமில்லை.

உள்ளே எதையும் மாற்றாமல் எவ்வளவு வரை போகலாம்?

நல்ல நிலையில் உள்ள இன்ஜின், கவனமான டியூனிங் என்றால் 450 குதிரைத்திறன். 500-ஐத் தொடும் வண்டிகள் உண்டு. அவற்றில் பிஸ்டன்கள் விளிம்பில்தான் நிற்கின்றன. அதற்கு மேல் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன், வலுவான கனெக்டிங் ராடு, உலோக ஹெட் கேஸ்கெட் போட்டு இன்ஜினைக் கட்டியாக வேண்டும்.

கட்டுவதென்று ஆனபின், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கை 73.7-இலிருந்து 77.7 மில்லிமீட்டராக்கி, சிலிண்டரையும் சற்று அகலப்படுத்தி 2.8 லிட்டராக்குவது பற்றி யோசியுங்கள். நிஸ்மோ 2005-இல் ஆர்34-ஐ வைத்துக் கட்டிய இஸட்-டியூன் 2.8 லிட்டர், 500 குதிரைத்திறன். கொள்ளளவு கூடினால் பூஸ்ட் முன்கூட்டியே வரும். ஆஸ்திரேலியாவில் வேறொரு வழி உண்டு. அங்கே 1986-இல் வந்த ஹோல்டன் விஎல் கமோடோர் காருக்கு நிஸானின் 3 லிட்டர் ஆர்பி30 இன்ஜினைத்தான் வைத்தார்கள். அந்த பிளாக்கின் மேல் ஆர்பி26 ஹெட்டைப் பூட்டி ஓட்டும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

காற்றில் 'புஷ்' என்று விடும் ப்ளோ-ஆஃப் வால்வு வைக்கலாமா?

ஏர்ஃப்ளோ மீட்டர் இருக்கும்வரை வேண்டாம். மீட்டர் அளந்துவிட்ட காற்றை வெளியே விட்டால், ஈசியு இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றும். தொழிற்சாலை வால்வு அந்தக் காற்றை மறுபடி உள்ளேயே சுற்ற விடுகிறது. அது நன்றாகவே வேலை செய்கிறது.

நான்கு சக்கர இயக்கத்தில் கவனிக்க வேண்டியது?

அட்டேசா ஈ-டிஎஸ் என்ற இந்த ஏற்பாட்டில், சாதாரண நேரத்தில் சக்தி பின்சக்கரங்களுக்கே போகும். அவை வழுக்க ஆரம்பித்ததும், ஹைட்ராலிக் அழுத்தம் ஒரு பலதட்டு கிளட்ச்சை இறுக்கி, முன்சக்கரங்களுக்குப் பாதி வரை அனுப்பும். முன் டயர்களும் பின் டயர்களும் வெவ்வேறு சுற்றளவில் இருந்தால், வண்டி வழுக்குவதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். கிளட்ச் ஓயாமல் தேயும். நான்கு டயரையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸில் கியர்களைச் சீராக இணைக்கும் சின்க்ரோக்கள் இப்போது களைத்துப்போயிருக்கும். கியரை அவசரப்பட்டுத் திணிக்காதீர்கள்.

பிரேக்?

ஆரம்ப மாடலின் பிரேக், 1,430 கிலோ வண்டியை அதன் சொந்த வேகத்திலேயே தடுமாறித்தான் நிறுத்தியது. 1993-இல் வி-ஸ்பெக் மாடலுக்குப் பிரெம்போ நிறுவனத்தின் பிரேக்கைக் கொடுத்ததன் காரணமும் அதுதான். சக்தியைக் கூட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஜப்பானில் மாற்றியமைத்த வண்டி பரிசோதனையில் தேறுமா?

ஷாகென் எனப்படும் கட்டாயப் பரிசோதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேண்டும், எக்ஸாஸ்ட் ஒலி வரம்புக்குள் வேண்டும். இன்ஜின் கொள்ளளவை மாற்றினால் அதை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். பெரிய சக்தியுள்ள வண்டிகளையும் ஒழுங்காகக் கட்டித் தேறவைக்கும் பட்டறைகள் அங்கே நிறைய உண்டு.

பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா?

2017 இறுதியில் நிஸான், நிஸ்மோ ஹெரிடேஜ் என்ற பெயரில் ஆர்32-க்கான நின்றுபோன பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. முன்பு பழைய வண்டிகளிலிருந்து மட்டுமே எடுக்க முடிந்த பல பாகங்கள் இப்போது பெட்டியில் புதிதாக வருகின்றன. விலை அதிகம்தான்.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களை விற்றுவிடலாமா?

வேண்டாம். 25 ஆண்டு கடந்த வண்டிகளை அமெரிக்காவில் இறக்குமதி செய்யலாம் என்ற விதியால், 2014 முதல் ஆர்32-கள் அங்கே போகத் தொடங்கின. தொழிற்சாலை நிலையில் இருப்பவை குறைந்துகொண்டே வருகின்றன. செராமிக் டர்போக்கள், இன்டேக் குழாய்கள், ஈசியு, மஞ்சள் குறி ஹோஸ் உட்பட எல்லாவற்றையும் ஆயில் தடவி, துணியில் சுற்றி, எது எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு ஒட்டி ஒரே பெட்டியில் வையுங்கள். வண்டியைக் கைமாற்றும் நாளில் அந்தப் பெட்டியும் கூடவே போகட்டும்.